இந்தியன் கைநாட்டு

சங்கிலி இழுக்கும்போது அம்பலவாணன் தமிழில்தான் எண்ணுவான். அறுபத்தாறு அடி நீளச் சங்கிலி, நூறு கண்ணி. டீட்ரிக் என்ற ஜெர்மன்காரன் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு முன்னால் போய் இரும்பு முளை அடிப்பான். பின்னால் இவன் வந்து அதைப் பிடுங்கி வாய்விட்டு ஒரு எண் சொல்வான். பத்துக்கு ஒரு தடவை கையைத் தூக்கிக் காட்டினால் போதும், சர்வேயர் கிரிம்ஷா துரை நோட்டில் எழுதிக்கொள்வார். கடல் தாண்டி வந்து பதினோரு வருஷம் ஆகியிருந்தது. அந்தப் பதினோரு வருஷத்தில் அவன் வாயில் மிச்சமிருந்த தமிழ் இந்த எண்கள்தான்.

கடற்கரை ஊரான கூடலூரில், ஒரு துணிக்கிடங்கில் மூட்டைகளுக்குப் பெயர் எழுதுகிறவனாக இருந்தான். ஒரு கப்பல் தலைவன், "ஒரே வருஷம், லண்டனுக்கு வேலைக்கு வா, திருப்பி அனுப்பிவிடுகிறேன்" என்று கூட்டிப்போனான். லண்டனில் "இதுதான் உன் ஊர்க் கப்பல்" என்று ஏற்றிவிட்டார்கள். அது அமெரிக்காவில் கொண்டுவந்து இறக்கியது. ஏழு வருஷ ஊழியம் என்று ஒரு காகிதம். இரண்டு முறை ஓடிப்பார்த்தான். ஓடிய ஒவ்வொரு முறையும் காகிதத்தில் வருஷம் கூடியது. பெயர் வாயில் நுழையவில்லை என்று அவனை டாம் ஆக்கினார்கள். எந்த ஊர்க்காரன் என்று யாராவது கேட்டால் 'இந்தியன்' என்பார்கள். அவ்வளவோடு முடிந்தது.

அன்று காலையில் ஆற்றுக்கு அக்கரையில் புகை தெரிந்தது. அவன் கையை நீட்டி, "அங்கே ஊர் இருக்கிறது துரை" என்றான்.

"அது மூடுபனி" என்றார் கிரிம்ஷா. மறுபடியும் அவன் கையை நீட்டியபோது திசைகாட்டிக் கோலால் முதுகில் ஒரு அடி விழுந்தது.

அடி வலிக்கவில்லை. அந்த 'மூடுபனி'தான் எரிந்தது. போன மாதம் காய்ச்சலில் ஆற்றங்கரையில் விழுந்து கிடந்த அவனைத் தூக்கிப் போய், அந்த மூடுபனிக்குள்தான் நாலு நாள் சோளக்கஞ்சி ஊற்றினார்கள். ஊற்றிய பெண்ணின் பெயர் அவன் நாக்கில் வரவில்லை. 'அக்கா' என்றே கூப்பிட்டான். அவள் அதை ஏதோ வணக்கம் என்று நினைத்துக்கொண்டு அவனையும் அக்கா என்றே கூப்பிட்டாள். இதையெல்லாம் பல்லுக்குள் அரைத்துக்கொண்டே சங்கிலியை இழுத்தான்.

"பதினஞ்சு. பதினாறு. பதினெட்டு."

"பதினேழை விட்டுட்டீங்க."

பெண் குரல், புதருக்குள்ளிருந்து வந்தது. அவனுக்கு உடம்பெல்லாம் மயிர்க்கூச்செறிந்தது. முன்னாலிருந்து டீட்ரிக் சத்தம் போட்டான். அம்பலவாணன் முளையைப் பிடுங்கிக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் நடந்தான்.

உச்சிவேளையில் தண்ணீர் எடுக்கச் சுனைக்குப் போனான். அங்கே அவள் நின்றாள். முப்பது வயது இருக்கும். மான்தோல் உடுப்பு, அவன் ஊர் நிறம், கழுத்தில் புளியங்கொட்டை அளவுக்கு ஒரு கறுப்புப் பொத்தான். அவன் முதலில் அவள் காலைப் பார்த்தான். கால் இருந்தது. சேறும் முள் கிழித்த ரத்தமுமாக இருந்தது.

"பேயில்லண்ணே. பேரு இளவேனில்" என்றாள். "உங்ககிட்ட நான் பேசியிருக்கவே கூடாது. தமிழ் காதுல விழுந்ததும் வாய் தன்னால திறந்துடுச்சு."

தமிழ்தான். ஆனால் வேறு மாதிரி இருந்தது, வழியில் எங்கெங்கோ தேய்ந்து வந்ததுபோல. அதைக் கேட்டு அவன் கண் நிறைந்துவிட்டது. அதை மறைக்க அதட்டினான்.

"எந்தக் கப்பல்ல வந்தே? யார்கிட்ட வேலை?"

"கப்பல் இல்ல. உங்களுக்கு முந்நூறு வருஷம் பின்னாடியிருந்து வர்றேன். எங்க காலத்துல, நடந்து முடிஞ்சதைப் போய்ப் பார்க்க வழி கண்டுபிடிச்சிருக்காங்க. நாலு நாள் இருக்கலாம். பார்க்கலாம், கேட்கலாம். இந்தப் பொத்தான் எல்லாத்தையும் அப்படியே பிடிச்சு வெச்சுக்கும். எதையும் தொடக்கூடாது, யார்கிட்டயும் பேசக்கூடாது. வெள்ளைக்காரங்களை அனுப்பினா இந்தக் காட்டுல உடனே விசாரிப்பாங்க. என் நிறத்துல ஒருத்தி தூரத்துல தெரிஞ்சா யாரும் ரெண்டாம் தடவை பார்க்க மாட்டாங்க. அதான் என்னை அனுப்பினாங்க."

பதினோரு வருஷம் நம்ப முடியாததையெல்லாம் பார்த்தவன் அவன். ஆளை ஆள் விற்பதைப் பார்த்தவனுக்கு இது என்ன பெரிய விஷயம். ஒன்றே ஒன்று கேட்டான்.

"கூடலூர் இருக்குதா?"

"இருக்கு. கடல் கொஞ்சம் உள்ள வந்திருக்கு. ஊர் இருக்கு."

அவன் குடத்தை நிரப்பினான். "இங்க என்னத்தைப் பார்க்க வந்தே?"

அவள் அக்கரைப் பக்கம் பார்த்தாள். "அந்த ஊரை. நாளைக்குக் காலையில..." என்று ஆரம்பித்துச் சட்டென்று நிறுத்தினாள்.

அவன் குடத்தைக் கீழே வைத்தான். "நாளைக்குக் காலையில என்ன?"

அவள் காலில் இருந்த சேற்றைக் கல்லில் தேய்த்தாள்.

"என்ன ஆகும்னு கேக்குறேன்."

"நாற்பது பேர் வர்றாங்க" என்றாள் மெதுவாக. "கீழ்க் குடியிருப்பிலேர்ந்து. துப்பாக்கி, நாய்ங்க. அவங்க புறப்பட்டது வரைக்கும் எழுதி வெச்சிருக்காங்க. அதுக்கப்புறம் கிரிம்ஷா நோட்டைப் பார்த்து எடுத்த பிரதியில, ஊர்ல ஆளே இல்லன்னு இருக்கு. நடுவுல என்ன ஆச்சுன்னு ஒருத்தரும் எழுதல. அதைப் பார்க்கத்தான் வந்தேன்."

"அங்க நூறு ஜனம் இருக்குது. பச்சைக் குழந்தைங்க இருக்குது. துப்பாக்கியோட நாற்பது பேர் போனா, அப்புறம் ஆளே இல்லன்னா, நடுவுல என்ன ஆயிருக்கும்னு உனக்குத் தெரியலையா?"

"தெரியும்னுதான் எங்க எல்லாருக்கும் பயம்."

"தெரிஞ்சுகிட்டே புதருக்குள்ள குந்திப் பார்ப்பே."

"அண்ணே, அது நடந்து முடிஞ்சது. நான் போய் எச்சரிச்சா எல்லாம் மாறிடும். மாத்தக் கூடாதுன்னு சட்டம். மீறினா இனிமே யாரையும் அனுப்ப மாட்டாங்க."

"உனக்கு நடந்து முடிஞ்சது. எனக்கு இன்னும் நடக்கல." அவன் ஒரு எட்டு முன்னால் வந்தான். "கப்பல்ல என் பக்கத்துல ஒருத்தன் செத்தான். மேல நின்ன மாலுமி பார்த்துக்கிட்டே இருந்தான். தண்ணி கொடுக்க அவனுக்கு உத்தரவு இல்லையாம். நீயும் அவனும் ஒண்ணு. அவனாவது பார்க்கறதுக்குன்னே கிளம்பி வரல."

குடத்தை அங்கேயே விட்டுவிட்டு அவன் நடந்தான். முகாமில் கிரிம்ஷாவும் டீட்ரிக்கும் நிழலில் படுத்திருந்தார்கள். கட்டியிருந்த இரண்டு குதிரைகளின் கயிற்றை அறுத்து முதுகில் தட்டினான். அவை ஓடின. அவற்றைத் தேடப் போனேன் என்றால், அவன் காணாமல் போனதற்கு ஒரு காரணம் ஆயிற்று. அவன் ஆற்றில் இறங்கினான்.

ஊரில் சோளக் கதிர்கள் முற்றி நின்றன. பாதிதான் அறுத்திருந்தார்கள். அக்கா முற்றத்தில் பூசணியைக் கீற்றுப் போட்டு உலர்த்திக்கொண்டிருந்தாள். அவனைப் பார்த்ததும் "அக்கா" என்று சிரித்தாள். அவனுக்கு அவர்கள் பாஷையில் பத்து வார்த்தைதான் தெரியும். துப்பாக்கி, நாய், நாளை, சூரியன். விரல்களை நாலு தடவை விரித்துக் காட்டினான். அவள் சிரிப்பு நின்றது.

ஊர் கூடியது. இளைஞர்கள் சண்டை போடலாம் என்று கத்தினார்கள். பாஷை தெரியாமலே அது புரிந்தது. அக்கா எழுந்து கதிர்களைக் காட்டி, குழந்தைகளைக் காட்டி, ஏதோ சொன்னாள். அழவில்லை. உலர்த்த வைத்த கீற்றுகளைக் காலால் எத்திவிட்டாள். மற்றவர்கள் மூட்டை கட்டத் தொடங்கினார்கள். அந்தப் பூமியை அவளுடைய தாய்க்குத் தாய் கொத்திப் பயிரிட்டிருப்பாள்; அதை ஒரு சாயங்காலத்தில் விட்டுப்போகிறார்கள்.

புறப்படும்போது அக்கா அவன் கையைப் பிடித்து இழுத்தாள். வா என்கிறாள். அவன் மனம் அந்தப் பக்கமே போய்விட்டது. ஒரு எட்டு வைத்தால் டாம் செத்துப்போவான், அம்பலவாணன் பிழைத்துக்கொள்வான். ஆனால் அவன் ராத்திரி முகாமில் இல்லையென்றால் கிரிம்ஷா சும்மா இருக்கமாட்டார். கீழ்க் குடியிருப்பிலிருந்து நாய்களை வரவழைத்து, அவன் பழைய சட்டையை மோப்பம் காட்டி ராத்திரியே விரட்டுவார். பிள்ளைகளையும் நோயாளிகளையும் தூக்கிக்கொண்டு நடக்கிறவர்கள் எவ்வளவு தூரம் போய்விடுவார்கள்? அவன் தலையை அசைத்துக் கையை விடுவித்துக்கொண்டான்.

பொழுது சாய்வதற்குள் குதிரைகளைத் தேடிப் பிடித்துக்கொண்டு முகாமுக்குத் திரும்பினான். கிரிம்ஷா மண்டியிட வைத்து அடித்தார். அவன் ஒவ்வொரு அடியையும் எண்ணினான். ஒன்றைக்கூட விடவில்லை.

மறுநாள் விடிந்ததும் நாற்பது பேரும் வந்தார்கள். எட்டு நாய்கள். அரை வட்டமாக ஊருக்குள் இறங்கினார்கள். பின்னாலேயே கிரிம்ஷாவும் தன் ஆட்கள் இருவரையும் கூட்டிக்கொண்டு ஆற்றைக் கடந்து வந்தார். ஒரு துப்பாக்கியும் வெடிக்கவில்லை. சுடுவதற்கு ஆள் இல்லை. ஒரு வீட்டில் பானையில் அவரையும் சோளமும் கொதித்து அடங்கியிருந்தது. கடைசியாகப் போனவர்கள் யாரோ, விடியும் வரை இருந்திருக்கிறார்கள். இரண்டு பேர் உட்கார்ந்து அதை அள்ளித் தின்றார்கள். மற்றவர்கள் எந்த வீடு யாருக்கு என்று பேசத் தொடங்கினார்கள்.

டீட்ரிக் ஒரு வாசலில் நின்றான். உள்ளே குழந்தையின் தோல்செருப்பு ஒன்று கிடந்தது. அதை எடுத்துக் கையில் வைத்துப் பார்த்தான். அவனுடைய இரண்டு பிள்ளைகளும் வருகிற வழியில் கப்பலிலேயே இறந்து கடலில் போனவர்கள்.

"ரைன் நதிக்கரையில எங்க ஊர் இருந்தது, டாம்" என்றான். "எங்க அப்பா காலத்துல பட்டாளத்துக்காரங்க வந்தாங்க. இதே மாதிரி, விடியற்காலையில. பானை அடுப்புலயே இருக்க ஓடினோம்னு அம்மா சொல்லுவா."

அம்பலவாணன் அவனையே பார்த்தான். டீட்ரிக் கண்ணைத் துடைத்துக்கொண்டான். பிறகு இடுப்பிலிருந்த கைக்கோடரியை எடுத்து நிலைமரத்தில் தன் பெயரின் முதல் எழுத்தைச் செதுக்கினான். மூட்டையை உள்ளே வைத்தான்.

கிரிம்ஷாமீது வராத ஒரு கோபம் அப்போது அம்பலவாணனுக்கு வந்தது. தெரியாதவன் செய்வது ஒன்று. பட்டவனே செய்கிறான், அழுதுகொண்டே செய்கிறான்.

கிரிம்ஷா ஒரு மரக்கட்டைமேல் நோட்டை விரித்து, வாய்விட்டுப் படித்துக்கொண்டே எழுதினார். "வீடுகள் பன்னிரண்டு. பாழடைந்தவை. அடுப்புகள் குளிர்ந்திருந்தன. நெடுநாளாக ஆள் நடமாட்டம் இல்லை."

அம்பலவாணன் பக்கத்து அடுப்பில் கையை விட்டான். விரல் சுட்டது. சாம்பலோடு கையை நீட்டிக் காட்டினான். "சுடுகிறது துரை."

"உன்னை யாரும் கேட்கவில்லை."

"நேற்றுவரை ஆள் இருந்தார்கள்."

கிரிம்ஷா பேனாவைக் கீழே வைத்தார். அவருக்கு அன்று நல்ல மனநிலை. பொறுமையாகவே சொன்னார். "ஆள் இருக்கிற நிலம் என்றால், அவர்கள் தலைவர்களைக் கூப்பிட்டு, விலை பேசி, ஒப்பந்தம் எழுதவேண்டும். பத்து வருஷம் இழுக்கும். ஆளில்லாத நிலம் என்றால் கவர்னர் கையெழுத்து ஒன்று போதும். இவர்களைச் சுட்டிருந்தால்கூடப் பிணம் கிடந்திருக்கும், விசாரணை வந்திருக்கும். எந்தப் புண்ணியவானோ என் வேலையை மிச்சப்படுத்தியிருக்கிறான்."

அம்பலவாணனுக்குக் காது அடைத்தது. அந்தப் புண்ணியவான் அவன்தான். உயிரைக் காப்பாற்றினேன் என்று நினைத்திருந்தான். ஆளில்லாத ஊரைத் துடைத்துத் தட்டில் வைத்துக் கொடுத்ததும் அவனே.

"சங்கிலி பிடித்தவர்கள் சாட்சி போடவேண்டும், அது சட்டம்" என்று கிரிம்ஷா நோட்டைத் திருப்பி வைத்தார். டீட்ரிக் தன் பெயரை எழுதினான். "நீ ஒரு கோடு போடு, டாம்."

அவன் பேனாவை வாங்கினான். பதினோரு வருஷமாக எழுதாத கை. கூடலூர்க் கிடங்கில் ஓலையில் எழுதிய பழக்கத்தில், மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்காமல், நெருக்கி நெருக்கி எழுதினான்.

அடுப்பு சுட்டது. ஆள் இருந்தார்கள். மேலே எழுதியது பொய். அம்பலவாணன்.

கிரிம்ஷா எட்டிப் பார்த்துச் சிரித்தார். "ஒரு கோடு கேட்டால் நண்டு ஊர்ந்த மாதிரி ஒரு பக்கம் கிறுக்கியிருக்கிறான்." அதன் கீழே தானே ஒரு வரி எழுதி, நாற்பது பேருக்கும் கேட்கப் படித்தார். "டாம், இந்தியன், அவன் அடையாளம்." பேனாவைத் துடைத்துக்கொண்டு சொன்னார். "இதற்குமேல் என்ன வேண்டும்? ஒரு இந்தியனே சாட்சி." கூட்டம் கைகொட்டிச் சிரித்தது.

சிரிப்பு அடங்கியதும் யாரோ ஒருவன் சொன்னான், போனவர்கள் குதிரைகளும் தோல்களும் கொண்டுபோயிருப்பார்கள், சாப்பிட்டுவிட்டு நாய்களை அவிழ்த்துவிடலாம் என்று. எல்லோருக்கும் அது சரியாகப் பட்டது.

அம்பலவாணன் தண்ணீர் எடுக்கிற சாக்கில் ஊருக்குப் பின்னால் போனான். சோளக் காட்டுக்குள் இளவேனில் நின்றாள். அழுதிருந்தாள்.

"பார்த்தியா?" என்றான்.

"பார்த்தேன்."

"நான் எழுதினதைப் படிச்சியா?"

"படிச்சேண்ணே, தூரத்துல இருக்கறதையும் இந்தப் பொத்தான் கிட்டக் காட்டும். அந்த நோட்டு எங்க காலத்துல இல்ல, எப்பவோ எரிஞ்சு போச்சு. நிலப் பதிவுக் கச்சேரிப் புத்தகத்துல பிரதி எடுத்தவன் உங்க எழுத்து புரியாம அங்க ஒரு பெருக்கல் குறி போட்டு வெச்சிருக்கான். அதுக்குக் கீழ 'இந்தியன்'னு மட்டும் இருக்கு."

"இருந்தா?"

"இங்கத்து ஜனங்களையும் இவங்க இந்தியன்னுதான் சொல்றாங்க." அவள் அவன் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். "இந்த ஜனங்களோட பேரப்பிள்ளைங்க இப்ப இந்தப் பள்ளத்தாக்கைத் திருப்பிக் கேட்டு வழக்குப் போட்டிருக்காங்க. எதிர்த்தரப்பு அந்தப் பக்கத்தைத்தான் காட்டுது. உங்க ஆளே, இங்க யாரும் இல்லன்னு சாட்சி போட்டிருக்கானேன்னு. முந்நூறு வருஷமா அவங்க அந்த ஆளைத் திட்டிக்கிட்டிருக்காங்க. எங்களுக்குள்ள காட்டிக்கொடுத்தவன் எவன்னு பார்த்துட்டு வான்னு சொல்லித்தான் என்னை அனுப்பினாங்க."

அவன் தரையில் உட்கார்ந்துவிட்டான். பிறகு கேட்டான். "இந்தப் பொத்தான்ல எல்லாம் இருக்குதுல்ல? போய்க் காட்டு."

"நான் உங்ககிட்டப் பேசிட்டேன். பேசினது தெரிஞ்சா மொத்தப் பதிவும் செல்லாது. பார்க்கப் போனவ கலந்துகிட்டான்னு தள்ளிடுவாங்க." அவள் பொத்தானைத் தொட்டாள். "நாம பேசினதை மட்டும் அழிச்சிட்டா செல்லும். அழிக்க முடியும். ஆனா உங்களுக்கு எப்படித் தெரிஞ்சதுன்னு கேள்வி வராம இருக்க நீங்க ஊருக்குப் போனதையும் அழிக்கணும், அப்ப இவங்களைக் காப்பாத்தினது நீங்கன்னும் அதுல இருக்காது."

"அழிக்காதே."

"அண்ணே, வழக்கு தோத்துடும்."

"அங்க ஒருத்தன் உட்கார்ந்து தனக்குத் தோதா எழுதி முடிச்சிட்டான். நீ இன்னொண்ணு எழுதாதே." அவன் எழுந்தான். "செல்லாதுன்னு சொல்லப்போறவன் யாரு? இந்தச் சட்டத்தைப் போட்டவன் யாரு? அடுப்பு குளிர்ந்திருந்ததுன்னு எழுதுன கைதானே அதையும் எழுதியிருக்கும்? அவன் முகத்துக்கு நேரா நின்னு நடந்ததை நடந்தபடி சொல்லு. தள்ளட்டும். மறுபடியும் சொல்லு. உன் வேலை போகட்டும். பார்த்துட்டேன்ல, அது போதும்னு நினைச்சு வீட்டுக்குப் போயிடாதே."

"சொல்றேன்" என்றாள். அவன் அதை நம்பியதுபோல் தெரியவில்லை. நம்பாமலும் இல்லை.

ஊருக்குள் நாய்கள் குரைக்கத் தொடங்கின. அவன் வடக்கே மலைப் பக்கம் பார்த்தான். அவர்கள் போன பக்கம். இப்போது புறப்பட்டால் சாயங்காலத்துக்குள் எட்டிவிடலாம். எட்டினால் நான்தான் எழுதினேன், இதைத்தான் எழுதினேன் என்று அக்காவிடம் எப்படியாவது சொல்லிவிடலாம்.

சட்டென்று அவனுக்கு ஒரு கணக்கு இடித்தது.

"ஏம்மா. நான் அவங்களோட போய்ச் சேர்ந்திருந்தா, அந்த இந்தியன் யாருன்னு அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். பேரப்பிள்ளைங்க திட்டிக்கிட்டு இருக்க மாட்டாங்க. இல்லையா?"

அவள் பொத்தானைக் கைக்குள் மூடிக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அவன் அவளை வற்புறுத்தவில்லை. நாய்களின் சத்தம் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று காது கொடுத்துக் கேட்டான். கடைசி வீட்டுக்குள் புகுந்து, அவர்கள் படுத்திருந்த மான்தோல் ஒன்றை இழுத்துக்கொண்டு வந்தான். அதில் அவர்கள் வியர்வையும் அடுப்புப் புகையும் மணத்தது. அந்தத் தோலைச் சோளக் காட்டு விளிம்பில் நன்றாகத் தேய்த்தான். பிறகு அதைத் தரையோடு தரையாக இழுத்துக்கொண்டு தெற்குப் பக்கம் ஓட ஆரம்பித்தான்.